பெரிய ஓக்கை வெட்டும் முன் அதன் காலடியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓக் மரத்தைப் பற்றியவை. எழுதியவர்களில் பலர் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் கொஞ்சம் காட்டு நிலம் வாங்கி வைத்திருப்பவர்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டோம்.

கே: ஒஹாயோவின் தென்கிழக்கு மலைப்பகுதியில் எங்களுக்கு 30 ஏக்கர் காடு இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் எல்லாம் இரண்டடி விட்டமுள்ள ஓக். கீழே ஓக் கன்றே கண்ணில் படவில்லை. சிவப்பு மேப்பிள், பீச் மரக் கன்றுகள்தான். மர வியாபாரி ஒருவர், “16 அங்குலத்துக்கு மேல் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், வெயில் விழுந்தால் ஓக் தானாக வரும்” என்கிறார். சம்மதிக்கலாமா? — ஒரு வாசகி, கொலம்பஸ்

ப: வேண்டாம். அவர் சொல்கிறபடி செய்தால் 20 ஆண்டில் உங்கள் நிலத்தில் மேப்பிள் காடுதான் நிற்கும். நல்ல மரமெல்லாம் லாரியில் போய், கோணலும் பொந்துமாக இருப்பவை மட்டும் விதை போட மிஞ்சும்.

ஓக் முளைத்த முதல் சில ஆண்டுகளில் தண்டை வளர்ப்பதில்லை. இலை சமைப்பதில் பெரும்பங்கை வேருக்கு அனுப்பிவிடும். காட்டில் ஒரு கன்றைத் தோண்டிப் பாருங்கள். மேலே பென்சில் கனத்தில் ஓரடி உயரக் குச்சி, அதில் ஏழெட்டு இலை. கீழே கட்டைவிரல் கனத்தில் ஆணிவேர் இறங்கியிருக்கும். குச்சிக்கு மூன்று வயதுதான் இருக்கும், வேருக்குப் பத்து வயதுகூட இருக்கலாம். நிழலிலோ மான் கடித்தோ தண்டு பட்டுப்போகும். வேர்க்கழுத்தில் உறங்கும் மொட்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். இப்படிச் சேமித்த வேர் உள்ள கன்று, வெளிச்சம் கிடைத்ததும் எழும்பிவிடும். வேர் சேராத கன்றால் முடியாது. காற்றில் வந்து விழுந்த துலிப் பாப்லர் மரத்தின் விதை அதன் பக்கத்திலேயே முளைத்து இரண்டே ஆண்டில் அதை மூடிவிடும்.

அடர்ந்த காட்டின் தரைக்கு முழு வெயிலில் 1 முதல் 5 சதவீதம்தான் வந்து சேர்கிறது. ஓக் கன்று நன்றாக வேர் பிடிக்க 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும். மேப்பிளும் பீச்சும் அந்தச் சொற்ப வெளிச்சத்திலேயே காலம் தள்ளும். அதனால்தான் உங்கள் காட்டில் மேல்தளம் ஒரு சாதியாகவும் கீழ்த்தளம் வேறு சாதியாகவும் இருக்கிறது. மேலே நிற்கும் ஓக்குகள் இப்படிப்பட்ட நிழலில் பிறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் உங்கள் மலைகளில் இரும்பு உலைகளுக்குக் கரி வேண்டிக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். அடிக்கடி தீயும் ஓடியது. பிறகு 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட கருகல் நோய் அரை நூற்றாண்டுக்குள் செஸ்ட்நட் மரங்களை அழித்தது. காலியான இடத்தையும் ஓக் பிடித்தது. தீயை முழுதாக அணைக்கத் தொடங்கியதும் மேப்பிளின் காலம் வந்துவிட்டது.

இனி செய்ய வேண்டியது. முதலில் கணக்கெடுங்கள். 3 அடி 9 அங்குலக் கயிற்றை ஒரு குச்சியில் கட்டிச் சுற்றினால் வரும் வட்டம் கிட்டத்தட்ட ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிலம் முழுக்கப் பரவலாக 40 வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் நாலரை அடிக்கு மேல் உயர்ந்த ஓக் கன்றுகளை எண்ணுங்கள். மிசூரியில் உருவான வழிகாட்டி ஏக்கருக்கு சுமார் 430 கன்று கேட்கிறது; அதாவது 40 வட்டத்திலும் சேர்த்து 17, 18 இருக்க வேண்டும். வளமான பள்ளத்தாக்கு நிலத்தில் பாப்லரின் வேகம் அதிகம் என்பதால் இந்த எண்ணிக்கையும் போதாது. எண்ணிக்கை தேறாத வரை மேல் மரத்தில் கை வைக்காதீர்கள்.

முட்டியளவுக்குக் கீழான கன்றுகள் இருந்து, பெரியவை இல்லாவிட்டால், நடுத்தட்டை மட்டும் நீக்குங்கள். பெரிய மரங்களுக்குக் கீழே குடை விரித்திருக்கும் மேப்பிள், பீச் போன்றவைதான் குறி. வெறுமனே வெட்டினால் மேப்பிள் கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்த்து முன்பைவிட மோசமாகும். கைக்கோடரியால் பட்டையைத் தாண்டிக் கட்டை வரை சாய்வாக ஒரு கொத்து. மரத்தின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு கொத்து என்ற கணக்கு. கொத்துகளுக்கு நடுவே பட்டை கொஞ்சம் மிஞ்சட்டும். ஒவ்வொன்றிலும் பாதி கிளைபோசேட் களைக்கொல்லி, பாதி தண்ணீர் கலந்த கரைசலை 1 மில்லி பீச்சுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை செய்வது உத்தமம். வசந்தத்தில் மேப்பிளில் சாறு ஏறும்போது செய்தால் சாறே மருந்தை வெளியே தள்ளிவிடும். இமாசபைர் என்ற களைக்கொல்லி கலந்த மருந்தை ஓக் காட்டில் தொடாதீர்கள். அது மண் வழியாகப் பக்கத்து ஓக் வேருக்குப் போய் நீங்கள் காப்பாற்ற நினைத்த மரத்தையே கொல்லும்.

இதனால் தரைக்கு 10 சதவீத வெளிச்சம் வரும். பாப்லர் குதிக்க அது போதாது, ஓக் மெல்ல வேர் பிடிக்கப் போதும். ஐந்து முதல் பத்து ஆண்டு ஆகலாம். கன்றுகள் நாலரை அடியைத் தாண்டிய பிறகே மேல் மரங்களை விற்பனைக்குக் குறியிடுங்கள். தரை உறைந்திருக்கும் குளிர்காலத்தில் வெட்டினால் இயந்திரச் சக்கரத்தில் வேர் நசுங்காது. ஒருவேளை அடியில் ஓக் கன்றே இல்லையென்றால், நல்ல காய்ப்பு ஆண்டு வந்து கன்று பிடித்த பிறகே இதெல்லாம். சிவப்பு ஓக்குக்கு அது 2 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும், வெள்ளை ஓக்குக்கு 4 முதல் 10 ஆண்டு கூட ஆகும்.

கே: வெள்ளை ஓக், சிவப்பு ஓக் என்று பிரிக்கிறீர்கள். எப்படி அடையாளம் காண்பது? — ஒரு வாசகர், லெக்சிங்டன், கென்டக்கி

ப: இலையின் மடல்நுனி உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக் குடும்பம், நுனியில் முள்மாதிரி மயிர் நீட்டியிருந்தால் சிவப்பு. இலை இல்லாத காலத்தில் வெட்டிய கட்டையே சொல்லிவிடும். ஒரு முழ நீளத்துக்கு நேர்நாராகப் பிளந்த சிவப்பு ஓக் குச்சியின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். அதன் கட்டையில் நீர் ஏறும் குழாய்கள் திறந்தே இருக்கின்றன. வெள்ளை ஓக்கின் வைரத்தில் (நடுக்கட்டையில்) குழாய்களைச் சவ்வு அடைத்திருக்கும், ஊதினால் காற்றுப் போகாது. உங்கள் மாநிலத்து போர்பன் விஸ்கிக்கு உள்பக்கம் கரியாக்கிய புது ஓக் பீப்பாய் வேண்டும் என்பது சட்டம். அந்தப் பீப்பாய் ஒழுகாமல் இருப்பது இந்த அடைப்பால்தான். நல்ல வெள்ளை ஓக்குக்கு விலை ஏன் அதிகம் என்பதற்கும் அதுவே விடை.

கே: ஓக் கொட்டைகளைப் பொறுக்கி வந்து விதைத்தேன். நூறில் எட்டுதான் முளைத்தது. எங்கே தவறு? — ஒரு வாசகி, ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

ப: எப்படி வைத்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. வீட்டுக்குள் தட்டில் பரப்பிக் காயவைத்திருந்தால் அதுதான் தவறு. நெல்லையும் கம்பையும் காயவைத்துக் குதிரில் போட்டுப் பழகிய நமக்கு இது விளங்க நேரமாகும்: ஓக் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். வெள்ளை ஓக் கொட்டைக்கு எடையில் பாதி அளவு ஈரம் வேண்டும். குளிர்சாதன அறையில் சில நாள் கிடந்தாலே உயிர் போகலாம்.

மரத்தடியில் முதலில் விழுபவற்றை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் பூச்சி விழுந்தவை. தொப்பி கழலாமல் ஒட்டிக்கொண்டிருப்பவையும் வேண்டாம். அடுத்த அலையில் விழுபவற்றைப் பொறுக்கி அன்றே ஒரு வாளி தண்ணீரில் கொட்டிச் சில மணி நேரம் விடுங்கள். மிதப்பவற்றை எறிந்துவிட்டு மூழ்கியவற்றை எடுங்கள். கூன்வண்டின் புழு உள்ளே இருக்கும் என்ற ஐயம் இருந்தால், 49 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 40 நிமிடம் வையுங்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். சூடு ஏறினால் புழுவோடு விதையும் வெந்துவிடும்.

இதற்குமேல் இரண்டு ஓக்குக்கும் வழி வேறு. வெள்ளை ஓக் விழுந்த சில வாரங்களிலேயே, இலையுதிர் காலத்திலேயே வேர் விடும். சேமிக்க நினைக்காமல் உடனே விதையுங்கள். சிவப்பு ஓக் குளிர் படாமல் முளைக்காது. ஈரமான தேங்காய் நார்த்தூளிலோ பீட் எனும் மட்கிய பாசித்தூளிலோ கலந்து, வாய் இறுக்கிக் கட்டாத பாலிதீன் பையில், குளிர்பெட்டியில் 2, 3 டிகிரியில் 60 முதல் 90 நாள் வைத்திருந்து வசந்தத்தில் எடுங்கள். கொட்டையும் மூச்சு விடுகிறது, பையை அடைத்துக் கட்டினால் அழுகும். பிழிந்தால் ஒரு சொட்டு வருவது போன்ற ஈரம் போதும்.

விதைக்கும்போது கொட்டையைப் படுக்கவைத்து ஒன்று முதல் இரண்டு அங்குலம் மண் மூடுங்கள். தொட்டி என்றால் ஓரடி ஆழமாவது இருக்கட்டும். ஆணிவேர் தொட்டி அடியில் முட்டிச் சுருண்டால், நட்ட பிறகும் அந்தச் சுருளிலேயே நிற்கும். அணிலுக்காக அரை அங்குலக் கம்பி வலையை மேலே விரித்து ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

நர்சரியில் வெறும்வேர்க் கன்று (வேரில் மண் இல்லாதது) வாங்குவதானால் உயரத்தைப் பார்க்காதீர்கள், வேர்க்கழுத்து பென்சிலைவிடத் தடிப்பாக, கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவேர் ஐந்தாறு இல்லாத கன்றை ஒதுக்குங்கள். ஈரச் சாக்கில் சுற்றி வைத்து ஒவ்வொன்றாக எடுத்து நடுங்கள். காற்றில் சில நிமிடம் கிடந்தாலே நுனிவேர் காய்ந்துவிடும். சுற்றிலும் மூன்றடி வட்டத்துக்கு மூன்று ஆண்டு களை வரக் கூடாது.

கே: ஓக் வளர வேண்டுமானால் காட்டுக்குத் தீ வைக்க வேண்டும் என்று வனத்துறை ஆலோசகர் சொன்னபோது அதிர்ந்துபோனோம். உண்மையா? — கணவன்-மனைவி, ரிச்மண்ட், வர்ஜீனியா

ப: உண்மைதான், நேரம் தவறினால் அதே தீ ஓக்கையும் அழிக்கும் என்பதும் உண்மை.

ஓக் முளைக்கும்போது கொட்டை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் மறுதுளிர் மொட்டு மண்மட்டத்துக்குக் கீழே அமைகிறது. மேப்பிளும் துலிப் பாப்லரும் வித்திலைகளை மேலே தூக்கிக்கொண்டு வருபவை; அவற்றின் மொட்டு மண்ணுக்கு மேலே, நெருப்பு படும் இடத்தில் இருக்கிறது. எல்லாத் தண்டும் கருகினாலும், திரும்ப எழுந்து வர ஓக்குக்கு அதிக வாய்ப்பு.

உங்கள் மாநிலத்தின் பீட்மாண்ட் எனும் மலையடிவாரப் பகுதியில் 1990களில் தெளிவாக்கப்பட்ட முறை இது. முதலில் மேல் மரங்களில் பாதியை, நல்லவற்றை நிறுத்திக்கொண்டு, எடுத்துவிடுகிறார்கள். பிறகு 3 முதல் 5 ஆண்டு சும்மா விடுகிறார்கள். இந்தக் காத்திருப்பில் இரண்டு காரியம் நடக்கிறது: சருகுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் பாப்லர் விதை முளைத்து வெளியே வந்துவிடுகிறது, ஓக் வேர் சேர்த்துக்கொள்கிறது. அதன் பிறகு வசந்தத்தில், போட்டி மரங்கள் இலை விரிக்கத் தொடங்கும் வாரங்களில், நன்றாகச் சூடேறும் தீ. வேரில் சேமித்ததையெல்லாம் இலைக்கு அனுப்பிவிட்ட நேரத்தில் பாப்லர் அடிபடுகிறது.

எங்கே தவறுகிறது? வெட்டிய கிளைகளை நிற்கும் மரத்தடியில் போட்டுவிட்டுத் தீ வைப்பதில். அடிமரம் வெந்து, பட்டை பிளந்து, பிறகு உள்ளழுகல் வரும். கழிவை மரத்திலிருந்து பத்தடியாவது இழுத்துப் போட வேண்டும். அடுத்தது, நல்ல காய்ப்பு வந்த மறு வசந்தத்தில் எரிப்பது. சருகில் கிடக்கும் கொட்டையும் ஒரு வயதுக் கன்றும் தீயில் பிழைக்காது. தீ வேலை முடிந்ததும் துளிர்கள் பட்டை தடிக்கும் வரை பல ஆண்டு தீயே படக் கூடாது. இதெல்லாம் அனுமதியும் எழுத்துத் திட்டமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்தால் மட்டுமே. தனியாகத் தீப்பெட்டியோடு இறங்கிவிடாதீர்கள்.

கே: கன்று வருகிறது, மான் தின்றுவிடுகிறது. — பென்சில்வேனியாவிலிருந்து மூன்று கடிதங்கள்

ப: எட்டடி வேலி. அதைவிடத் தாழ்ந்ததை வெள்ளைவால் மான் தாண்டிவிடும். பத்துப் பதினைந்து ஏக்கருக்கு மேல் மரம் வெட்டுகிறீர்கள் என்றால் வேலிச் செலவை விற்பனைப் பணத்திலேயே ஒதுக்கி, வெட்டும்போதே போடுங்கள். சில கன்றுகள்தான் என்றால் ஐந்தடிக் குழாய்க் கூடு போதும். கூட்டுக்குள் எலி நுழையாதபடி அடியை மண்ணில் அழுத்துங்கள். மான் தின்னாத பெரணி தரையை மூடிவிட்ட இடத்தில் வேலி மட்டும் போட்டுப் பயனில்லை, பெரணியை முதலில் களைக்கொல்லியால் நீக்க வேண்டும்.

கே: ஜூன் மாதம் காற்றில் ஒடிந்த கிளையைச் சீராக அறுத்துவிட்டோம். ஜூலையில் சிவப்பு ஓக் இலையெல்லாம் உதிர்ந்து மரம் போயே போய்விட்டது. — ஒரு வாசகர், மாடிசன், விஸ்கான்சின்

ப: வருத்தமாக இருக்கிறது. ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம் ஓக் வாடல் நோயைத்தான் காட்டுகிறது: இலை ஓரமும் நுனியும் பழுப்பாகி, அடிப்பாகம் பச்சையாக இருக்கும்போதே உதிர்வது. இது பூஞ்சை நோய். புதுக் காயத்தின் சாற்று மணத்துக்கு வரும் சிறு வண்டுகள் நோயுற்ற மரத்திலிருந்து வித்துகளைச் சுமந்து வருகின்றன. அதனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கில் அரிவாளோ ரம்பமோ படக் கூடாது. உங்களுக்கு நேர்ந்தது போலக் காற்று ஒடித்துவிட்டால், அறுத்த அந்த நிமிடமே பெயின்ட் பூசுங்கள். ஓக் வேண்டாமென்று வெட்டினாலும் அடிக்கட்டைக்கும் பூச வேண்டும்.

இப்போது அவசரம் பக்கத்து மரங்களுக்கு. அருகருகே நிற்கும் சிவப்பு ஓக்குகளின் வேர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், நோய் அந்த வழியே நடந்துபோகும். செத்த மரத்துக்கும் நல்ல மரங்களுக்கும் நடுவே ஐந்தடி ஆழத்துக்கு வேரை அறுக்கும் கோடு போடுங்கள். கோடு போட்ட பிறகுதான் செத்த மரத்தை வெட்ட வேண்டும். முன்னாடியே வெட்டினால் நோய் வேருக்குள் விரைவாக உறிஞ்சப்படும். விறகை யாருக்கும் கொடுக்காதீர்கள். பட்டைக்குள் அடுத்த வசந்தத்தில் பூஞ்சை பாய்போல் விரியும். பட்டையை உரித்துவிடுங்கள், அல்லது தடித்த பாலிதீனால் மூடி ஓரத்தை மண்ணில் புதையுங்கள். தேர்ந்த சில மரங்களுக்குப் புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி ஊசி போடலாம். அது முன்காப்பு, இலை கொட்டத் தொடங்கிய சிவப்பு ஓக்கை மீட்காது.

கே: வெட்டிய ஓக் கட்டைகளில் பத்துப் பதினைந்து துளிர் வந்திருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா? — ஒரு வாசகர், நாக்ஸ்வில், டென்னசி

ப: தாராளமாக. பெரிய வேர் ஏற்கெனவே இருப்பதால் விதைக் கன்றைவிட வேகமாக ஓடும். ஆறங்குலம் வரை தடித்த கட்டைகளில் துளிர் நிச்சயம் போலத்தான். ஓரடியைத் தாண்டிய முதுமரக் கட்டைகளை நம்ப முடியாது. மண்ணை ஒட்டிக் கிளம்பியதைத் தேர்ந்தெடுங்கள். கட்டையின் மேல்விளிம்பில் வந்த துளிருக்குள் பழைய கட்டையின் அழுகல் ஏறிவிடும். பத்துப் பதினைந்தடி உயர்ந்த பிறகு ஒன்றோ இரண்டோ நிறுத்தி மற்றதை அறுங்கள். இரண்டு வைத்தால் அடி ஒட்டாமல் ‘யு’ வடிவில் பிரிந்திருக்கட்டும்.

15, 20 வயதில் ஏக்கருக்கு 50 முதல் 75 மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் தலையையும் உரசி நிற்கும் மரங்களை மூன்று அல்லது நான்கு பக்கமும் எடுத்துவிடுங்கள். உயரத்தில் பின்தங்கிய, ஒடுங்கிய தலை உள்ள வெள்ளை ஓக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். திடீரென வெயில் பட்டால் அடிமரம் முழுக்கச் சிறுகிளை முளைத்துப் பலகையில் கணு விழும்.

கே: கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் வைத்திருக்கிறோம். இதே முறை பொருந்துமா? — ஒரு வாசகர், நீலகிரி

ப: பொருந்தாது. சில்வர் ஓக் பெயரில் மட்டும்தான் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, குடும்பமே வேறு. அதன் விதை காகிதம் போலச் சிறகுள்ளது. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையான ஓக் கிடையாது.

கே: குமாவுன் மலையில் பாஞ்ஜ் ஓக் காடு குறைந்து சீர் பைன் ஏறுகிறது. அமெரிக்க முறையில் தீ வைத்துப் பார்க்கலாமா? — தன்னார்வத் தொண்டர், நைனிடால்

ப: கூடவே கூடாது. அமெரிக்காவில் தீயால் லாபமடைவது மேப்பிளின் எதிரி ஓக். உங்கள் மலையில் லாபமடைவது பைன். தடித்த பட்டையோடு சீர் பைன் நெருப்பைத் தாங்கி நிற்கும், அதன் ஊசிச் சருகே அடுத்த தீக்கு எரிபொருள். எரிந்து வெளுத்த சரிவில் முதலில் குடியேறுவதும் அதன் விதைதான்.

உங்களிடம் ஓக்குக்குக் கேடாக இருப்பது கிளை ஒடிப்பும் மேய்ச்சலும். மாட்டுக்குத் தழையும் தொழுவத்துக்குப் படுக்கையும் பாஞ்ஜ்தான் தருகிறது, பெண்கள் அதற்காக மைல்கணக்கில் ஏறுகிறார்கள். ஒடிக்காதே என்று சொல்லி நடக்காது. மரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை விட்டுவைப்பது, காட்டை மூன்று பாகமாக்கி ஆண்டுக்கு ஒரு பாகத்தில் மட்டும் ஒடிப்பது: இந்த இரண்டை வன பஞ்சாயத்து முடிவாக எடுத்துவிடுங்கள். ஊர்க் காட்டை ஊராரே நிர்வகிக்க 1931 முதல் அங்கே இருக்கும் அமைப்பு அது, ஊரே எடுத்த முடிவை ஊர் காக்கும். ஒடித்து ஒடித்து மொட்டையான மரம் காய்ப்பதில்லை. காய்க்காவிட்டால் கன்றுக்கு வழியில்லை.

கொட்டை குளிர்காலத்தில் முற்றும். மேலே சொன்ன மிதவைச் சோதனையும் ஈரமும் இதற்கும் பொருந்தும். ஆழமான பையில் வளர்த்து, மழை பிடித்த ஜூலையில், ஏற்கெனவே நிற்கும் புதர் நிழலை ஒட்டி நடுங்கள். மொட்டை வெயில் சரிவில் நட்டால் முதல் மே மாதத்தைத் தாண்டாது.

கே: குழந்தைக்கு உரை மருந்தில் சேர்க்கும் மாசிக்காய்க்கும் ஓக்குக்கும் உறவு உண்டாமே? — ஒரு பாட்டி, மதுரை

ப: உண்டு, அம்மா. மாசிக்காய் காயே இல்லை. துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்தில் வளரும் ஒரு சிறு ஓக்கின் மொட்டில் ஒரு குளவி முட்டையிட, மரம் அதைச் சுற்றிக் கட்டிய உருண்டைதான் அது. துவர்ப்பு ஓக்கின் துவர்ப்பு. அடுத்த முறை கடையில் வாங்கும்போது பாருங்கள்: மேலே ஊசித் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளையில்லாமல் கனமாக, கருநீலமாக இருப்பதில் துவர்ப்பு அதிகம்.